பாதை இல்லாத ஓர் ஏக்கர்

கோமளவல்லிக்குச் சொந்தமாக நிலம் வேண்டும் என்ற ஆசை ஐம்பது வயதைத் தாண்டிய பிறகுதான் வந்தது.

மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அவள் தலைமை நர்ஸ். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மூன்றாவது மாடியில் வாடகை வீடு. பால்கனியில் பழைய பெயிண்ட் வாளிகளில் தக்காளியும் மிளகாயும் வளர்த்துவந்தாள். ஒரு நாள் வீட்டுக்காரர் வந்து, தண்ணீர் கீழே ஒழுகுகிறது, எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள் என்றார். காய்த்துக்கொண்டிருந்த செடிகளை அவளே பிடுங்கிப்போட்டாள். இனி யாரும் எடுக்கச் சொல்ல முடியாத இடத்தில்தான் செடி வைப்பது என்று அப்போதே தீர்மானித்துவிட்டாள்.

லீவு நாளெல்லாம் ஸ்கூட்டரில் ஊர் ஊராகப் போனாள். கடைசியில் அழகர்மலை தெரிகிற தூரத்தில் ஓர் ஏக்கர் அமைந்தது. நல்ல செம்மண். மூலையில் பழைய கிணறு. மேலே போட்டிருந்த கம்பி வலை வழியே எட்டிப் பார்த்தால் உள்ளே தண்ணீர் பளபளத்தது. விலையும் கைக்கு எட்டுகிற விலை. பாதித் தொகை சேமிப்பில் இருந்தது. மீதிக்கு வங்கியில் கேட்டாள்.

வங்கி வக்கீல் பத்திரங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒரே வரியில் முடித்தார். "நிலத்துக்குப் பாதை இல்லை. கடன் கொடுக்க முடியாது."

விலை ஏன் குறைவு என்பது அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. தார்ச்சாலைக்கும் அந்த ஏக்கருக்கும் நடுவில் சடையாண்டி என்பவரின் வயல் இருந்தது.

"அதுக்கெல்லாம் கவலைப்படாதீங்க மேடம்" என்றார் புரோக்கர். "வட்டிக்குக் குடுக்க ஆள் இருக்கு. வாங்கிப் போட்டுட்டு அந்தாளு மேல கேஸைப் போடுங்க. பாதை விடாம எங்க போயிருவான்? ஆனா வைகாசி பிறந்துட்டா வேற பார்ட்டிக்கு முடிச்சிருவோம்."

தம்பி ராஜாங்கம் போனில் கத்தினான். "இந்த வயசுல உனக்கெதுக்குக்கா காடும் கரையும்? உள்ள காசையும் தொலைச்சிட்டு நிக்கப்போற."

அவள் குருவிடம் போனாள்.

குரு அவளைவிடப் பதினைந்து வயது இளையவர். வைகைக்கு வடக்கே ஒரு சின்ன தியானக்கூடம் வைத்திருந்தார். அவள் போனபோது வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு, "வட்டிக்கு வாங்கிக் கேஸ் போடவா, இல்ல, விட்டுரவா? நீங்க சொல்லுங்க சாமி" என்றாள்.

"நிலம் பிடிச்சிருக்காம்மா?"

"கண்ணை மூடினா அதுதான் வருது. இங்க வந்து உக்காந்தாலும் அதுதான்."

குரு துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

"வண்டியை எடுங்க."

ஸ்கூட்டரின் பின்னால் குரு உட்கார்ந்துகொண்டார். சித்திரை வெயில் முகத்தில் அறைந்தது. சாலை ஓரத்தில் வண்டியை நிறுத்தியதும் கோமளவல்லி எப்போதும்போல விறுவிறுவென்று வயலுக்குள் இறங்கினாள். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தாள். குரு சாலையிலேயே நின்றிருந்தார்.

"வாங்க சாமி."

"இது யாரு வயல்?"

"சொன்னேனே, அந்தச் சடையாண்டி வயல்."

"அவர் எங்க?"

அவளுக்குத் தெரியவில்லை. அவரை அவள் பார்த்ததே இல்லை.

குரு இரண்டு கைகளையும் வாயருகே குவித்துக் குரல் கொடுத்தார். "ஐயா! உங்க வயல்ல இறங்கலாமா?"

மோட்டார் கொட்டகையிலிருந்து அறுபது வயதிருக்கும் ஒருவர் வெளியே வந்தார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். குருவை ஏற இறங்கப் பார்த்தார்.

"இப்பிடிக் கேட்ட மொத ஆளு நீங்கதான்" என்றார். பிறகு கோமளவல்லியைக் காட்டினார். "இந்தம்மாவும் பலவாட்டி வந்துச்சு. புரோக்கரும் வந்தான். கத்தரிச்செடியை மிதிச்சிக்கிட்டே போவாங்க. இங்க ஒருத்தன் நிக்கிறானேன்னு யாரும் திரும்பிப் பாத்ததில்ல."

அவள் குனிந்து பார்த்தாள். அவள் செருப்பின் கீழேயே ஒரு செடி முறிந்து கிடந்தது. பால்கனியில் பிடுங்கிப்போட்ட செடிகளுக்காக அழுதவள் அவள். முகம் சுட்டது.

"தப்புத்தாண்ணே" என்றாள். காலை எடுத்துவிட்டு, அந்த வயலை முதன்முறையாகப் பார்த்தாள். பார்த்த இடமெல்லாம் இலைகள் தொங்கிக் கிடந்தன. "ஏண்ணே எல்லாம் இப்பிடி வாடிக்கிடக்கு?"

"போர்ல காத்துதான் வருது."

"பக்கத்துக் கிணத்துல தண்ணி கிடக்கே?"

"கிடக்கு. நானும் கேட்டேன். விக்கப்போற நிலத்துல வில்லங்கம் வேணாம்னு ஓனர் வலையைப் போட்டுப் பூட்டிட்டாரு."

குரு வரப்போடு நடந்து போய் நிலத்தைப் பார்த்தார். நல்ல மண் என்றார். திரும்பும் வழியில் கோமளவல்லிக்குப் பொறுக்கவில்லை.

"சாமி, நீங்க கேட்டதுக்கு அவர் மனசு இளகிட்டாரு. அப்பவே பாதையும் கேட்டிருக்கலாமே?"

"எனக்கு அந்த வயலைத் தாண்டணும். அதைக் கேட்டேன். பாதை வேண்டியது உங்களுக்கு."

மறுநாள் அவளுக்கு ஆஸ்பத்திரியில் வேலை ஓடவில்லை. ஒரு நோயாளிக்கு டிரிப் ஏற்றிவிட்டு, சொட்டுச் சொட்டாக இறங்குவதையே பார்த்துக்கொண்டு நின்றாள். சட்டென்று அவளுக்கு ஒன்று தோன்றியது. ஷிப்ட் முடிந்ததும் யூனிபார்மைக்கூட மாற்றாமல் கிளம்பிவிட்டாள்.

சாலையிலேயே நின்று கூப்பிட்டாள். "அண்ணே! வரலாமா?"

சடையாண்டி கையை அசைத்தார்.

"கிணத்துல பாதி உங்களுக்குண்ணே" என்றாள் மூச்சு வாங்க. "நான் நிலத்தை வாங்கினா பத்திரத்துலயே எழுதித் தர்றேன். உங்க பிள்ளைங்க காலத்துக்கும் செல்லும். எனக்கு ஓரமா ஒரு வண்டி போற பாதை விடுங்க. அதையும் எழுதிக்குவோம்."

அவர் துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கேஸ் போடப் போறீங்கன்னு புரோக்கர் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிறானே?"

"போடலாம்னுதான் இருந்தேன்."

"கிணறு வத்திட்டா என்ன செய்வீங்க?"

"ரெண்டு பேருக்கும்தானே வத்தும்."

சடையாண்டி மண்வெட்டியை எடுத்துக்கொண்டு சாலைப் பக்கம் போனார். வயலின் ஓரத்தில் ஓங்கி ஒரு வெட்டு. எட்டடி வைத்து நடந்து இன்னொரு வெட்டு.

"இம்புட்டுப் போதுமா? இல்ல, டிராக்டர் திரும்பணும்ல? இன்னும் ரெண்டடி எடுத்துக்கங்க."

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. இரண்டு பேரும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தை வக்கீல் இரண்டு முறை படித்தார். இந்த முறை அவரிடம் மறுக்க ஒன்றும் இல்லை. வங்கிக் கடன் வந்தது. சித்திரை முடிவதற்குள் கிரயப் பத்திரமும், பாதைப் பத்திரமும், கிணற்றுப் பத்திரமும் ஒரே நாளில் பதிவாயின. வட்டிக்காரரைக் கூட்டி வந்திருந்த புரோக்கர், பதிவு அலுவலக வாசலில் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலமே கோமளவல்லி கிணற்றின் பூட்டைத் திறந்தாள். சடையாண்டி மோட்டாரை இறக்கினார். குழாய் இரண்டு முறை இருமியது. பிறகு தண்ணீர் குபுகுபுவென்று பாய்ந்தது. "முதல்ல கத்தரிக்கு விடுங்கண்ணே!" என்று கத்திக்கொண்டே அவள் பட்டுப்புடவையோடு வாய்க்காலில் இறங்கி ஓடினாள். ஒரு வார்டையே ஒரு பார்வையில் அடக்குகிற தலைமை நர்ஸ், முழங்கால்வரை சேற்றோடு நின்று சின்னப் பிள்ளைபோலக் கூச்சலிட்டாள். அந்தப் பக்கம் சடையாண்டியும் பதிலுக்கு ஒரு குலவைச் சத்தம் போட்டார்.

ஆடியில் ராஜாங்கம் கார் எடுத்துக்கொண்டு வந்தான். புதுப் பாதையில் கார் நேராக நிலத்துக்குள்ளேயே வந்து நின்றது. இறங்கி, நிலத்தை ஒரு சுற்றுச் சுற்றினான்.

"அக்கா, அந்த மூலையில எனக்கு ஒரு மாங்கன்னு வச்சுக்கவா?"

தை மாதம், தக்காளி பழுத்துக் குலுங்கியபோது குரு வந்தார். கோமளவல்லி அவரை வரப்பு வரப்பாகக் கூட்டிப்போனாள். அவள் நடையே மாறியிருந்தது. இந்தக் கல்லிலிருந்து அந்தக் கல் வரைக்கும் என்று கையை வீசிக் காட்டினாள். "எல்லாம் நம்மளதுதான் சாமி!"

"கிணறு?"

"அதுல பாதி சடையாண்டி அண்ணனுக்கு."

"வந்தோமே, அந்தப் பாதை?"

"அது அவரு மண்ணு. எனக்குப் போய்வர்ற உரிமைதான்."

"மாங்கன்னு?"

"தம்பியோடது."

"தக்காளி?"

"பாதியைக் கிளி கொத்திருது. மீதியை வார்டு நர்ஸ் பிள்ளைங்க கூடையோட தூக்கிட்டுப் போயிருதுங்க."

"அப்ப முழுசா உங்களோடதுன்னு எதும்மா இருக்கு?"

கோமளவல்லி நின்றாள். இடுப்பில் கை வைத்து நிலத்தை ஒரு முறை சுற்றிப் பார்த்தாள். யோசித்தாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"பேங்க் கடன்தான் சாமி. அது ஒண்ணுதான் முழுக்க முழுக்க என்னோடது."

குருவும் சிரித்துவிட்டார்.

"ரொம்ப நல்லது. அதை மட்டும் யாரோடயும் பங்கு போட்டுக்காதீங்க."