செவலை அதிகாரியான நாள்

அந்தக் காலத்தில் நாய்களுக்குக் குரைக்கத் தெரியாது, பேசத்தான் தெரியும். ஆடு, மாடு, கோழி எல்லாமே பேசின. மனிதனுக்கும் அது விளங்கியது. விளங்கி என்ன பயன்? அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஓடைக்கரை மேட்டில் உடையப்பன் என்பவன் ஆட்டுப்பட்டி போட்டிருந்தான். சுற்றிலும் முள்வேலி, வாசலுக்கு மூங்கில் படல். காட்டில் திரிந்த செவலை என்ற நாயைக் குட்டியிலேயே பிடித்துவந்து, ஆடுகளுக்குக் காவலாக உள்ளே விட்டிருந்தான். செவலையின் தங்கை புள்ளி மட்டும் அவன் கையில் சிக்கவில்லை. அது ஓடைச் சரிவில் ஒரு பொந்துக்குள் குட்டி போட்டிருந்தது. குட்டிகள் இன்னும் கண் திறக்கவில்லை.

மழைக்காலம் நெருங்கியது. மேற்கே மலை கறுத்துக்கொண்டு நின்றது. மலையில் பெய்தால் ஓடை பெருகும், பொந்து முழுகும். அத்தனை குட்டிகளையும் மேட்டுப் பாறைக்குத் தூக்கிப்போக ஒரு வாய் போதாது.

புள்ளி வேலியோரம் வந்து முனகியது. "அண்ணே, தண்ணி வர்றதுக்குள்ள வந்திருவியா?"

"வந்திருவேன் தாயி. நீ குட்டிங்ககிட்டப் போ."

அன்றே செவலை வேலியைத் தாண்டிக் குதித்தது. பாதி வழியில் பிடித்துவந்த உடையப்பன், வேலியை இன்னும் உயர்த்தினான். செவலை வேலியடியில் மண்ணைப் பறித்தது. அவன் அங்கே கல்லைப் புதைத்தான். கயிற்றில் கட்டினான், அது கடித்து அறுத்தது. வேறு கயிறு வந்தது. அதற்குள் மலையில் மின்னல் தெரியத் தொடங்கிவிட்டது.

உடையப்பனுக்கும் நிம்மதி இல்லை. நாய் போனால் நரி வரும், நரி வந்தால் ஆடு போகும். அவனைக் கொடியவன் என்று சொல்ல மாட்டேன், பயந்தவன். பயந்த முதலாளி, கொடியவனைவிட நன்றாக யோசிப்பான்.

"ஏங்க, அதுக்கும் வெளியில யாரோ இருக்காப்புல தெரியுது. ஒருநாள் விட்டுத்தான் பாருங்களேன்" என்றாள் அவன் மனைவி சிகப்பாயி.

"விட்டா திரும்பி வருமா? அப்புறம் நரியை நீ விரட்டுவியா?"

"நான் விரட்டினா நரி என்ன, நீங்களே ஓடுவீங்க."

அவன் சிரிக்கவில்லை. மறுநாள் காலையில் செவலையின் கயிற்றை அவிழ்த்து எறிந்தான். படலைத் திறந்தே வைத்தான். அதன் ஓரமாகத் தன் கம்பளியை மடித்துப் போட்டு, தனக்கென்று வைத்திருந்த கம்பங்கூழை முதலில் செவலைக்கு ஊற்றினான்.

"இன்னையிலிருந்து இந்தப் படலுக்கு நீதான் அதிகாரி. யார் வரணும், யார் போகணும், எல்லாம் உன் இஷ்டம்."

"என் இஷ்டமா?"

"நானே உன்னைக் கேட்டுத்தான் போகணும்." கையைக் கட்டிக்கொண்டு கேட்டும் காட்டினான்: "ஐயா, கொஞ்சம் வெளியே போய்ட்டு வரட்டுங்களா?"

செவலையின் நெஞ்சு விரிந்தது. "போய்ட்டு வாங்க" என்றது.

"பெரிய மனுசன் ஆயிட்டியே, மாப்ளே!" என்று கனைத்தது ஒரு கிடா. செவலை அதைக் கேலி என்று எடுத்துக்கொள்ளவில்லை.

மதியம் மலையில் கொட்டித் தீர்த்தது. உடையப்பன் எப்போதோ திரும்பிவந்து குடிசைக்குள் படுத்திருந்தான். புள்ளி வாயில் ஒரு குட்டியோடு ஓடிவந்து, அதைக் கீழே வைத்துவிட்டு இரைத்தது.

"அண்ணே, தண்ணி வந்திருச்சு! படல் திறந்துதானே கிடக்கு, வா!"

செவலை எழுந்தது. முன்னங்கால் ஒன்று படலைத் தாண்டியது. அங்கே நின்று திரும்பிப் பார்த்தது. கம்பளி காலியாகக் கிடந்தது. தான் போனால் அதில் யார் வந்து படுப்பார்களோ?

காலை உள்ளே இழுத்துக்கொண்டது. "எப்படி வர்றது? பொறுப்புல இருக்கேன்."

"நேத்து கயித்தைக் கடிச்சியே!"

"நேத்து கட்டியிருந்தாங்க."

புள்ளி ஓடைப் பக்கம் பார்த்தது. இரைச்சல் கூடியிருந்தது. "சரி, நீ வரவேணாம். இதையாச்சும் உள்ள வச்சுக்க. மத்ததை நான் தூக்கியாரேன்."

"வெளிநாய் உள்ள வரக்கூடாது."

"யார் சொன்னது?"

"நான்தான்."

"வெளிநாயா? ஒரே மடியில பால் குடிச்சமே, அண்ணே!"

பதில் சொல்லச் செவலை வாயைத் திறந்தது. சொல் வரவில்லை. புள்ளி குட்டியைக் கவ்விக்கொண்டு ஒரு காலை உள்ளே வைத்தது. அப்போது செவலையின் தொண்டைக்குள்ளிருந்து ஏதோ வெடித்தது. "வள்!" அதுவரை எந்த நாயும் போட்டிராத சத்தம். அதைக் கேட்டுச் செவலையே நடுங்கியது. ஆனாலும் நிறுத்தத் தெரியவில்லை. "வள்! வள்!"

"சபாஷ்!" என்றான் உடையப்பன், குடிசைக்குள்ளிருந்து. எழுந்துகூட வரவில்லை.

புள்ளி அந்த ஒரு குட்டியைப் பாறையில் சேர்த்துவிட்டு ஓடைக்குப் பாய்ந்தது. பொந்து இருந்த இடத்தில் செந்நீர் சுழன்றுகொண்டிருந்தது.

மழை விட்டபின் புள்ளி நனைந்த உடம்போடு படலுக்கு எதிரே வந்து நின்றது. கேட்க வேண்டியதெல்லாம் தொண்டை வரை வந்தது. வாயைத் திறந்தால், அதற்கும் அந்தச் சத்தம்தான் வந்தது.

அன்று முதல்தான் தெருநாய் ஒன்று வாசலைக் கடந்தால், வீட்டுநாய் கம்பிக்கு இடையில் மூக்கை நுழைத்துக் குரைக்கிறது. வெளியில் நிற்பதும் விடாமல் திருப்பிக் குரைக்கிறது. கேட் சாத்தியிருக்கிறதா, திறந்திருக்கிறதா என்று இரண்டுமே பார்ப்பதில்லை.