உச்சிப் படகும் கொழுந்தப்பர் காதும்

முன்னே ஒரு காலத்தில், நடுவே ஆறு ஓடிய ஒரு நாட்டின் அரசர், நண்பகல் வேளையில் சபையைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"யார் அது, எழுந்து போவது?"

"விகடர் கொழுந்தப்பர், மகாராஜா" என்றார் சபை அதிகாரி வீரராகவர். இந்த ஒரு கேள்விக்காகத்தான் அவர் ஆறு மாதமாகக் காத்திருந்தார். கொழுந்தப்பர் வாய் திறந்தால் சிரிக்கிற அரசர், தாம் வாய் திறந்தால் கொட்டாவி விடுகிறாரே என்ற வயிற்றெரிச்சல் அவருக்கு.

"எங்கே போகிறார்?"

"சொந்த வேலைக்குத்தான். நேற்று நாவிதரிடம். முந்தாநாள் வெளுத்த வேட்டி வாங்க. போன வாரம் கத்தரிக்காயை மடியில் கட்டிக்கொண்டே சபைக்குள் வந்தார். எந்த வேலைக்குப் போனாலும் கடைசியில் படகுத்துறையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் திரும்புகிறார். எங்களுக்கெல்லாம் சொந்த வேலை இல்லையா, மகாராஜா?"

இருந்தது. ஆனால் அவற்றைப் பார்க்க அவர்கள் வீட்டில் ஆட்களும் இருந்தார்கள். கொழுந்தப்பரின் மனைவி போய் மூன்று வருஷம். ஒரே மகள் நாச்சியை அக்கரையில் கட்டிக்கொடுத்தாயிற்று. சபை கலைந்து அவர் வெளியே வரும்போது கடைத்தெருவில் பலகை போட்டு அடைத்திருப்பார்கள். உச்சிவேளையில் ஓடினால்தான் உண்டு.

அரசருக்கு அன்று என்ன தோன்றியதோ, உடனே கட்டளை பிறந்தது. "காலை மணி முதல் மாலை மணி வரை இந்தச் சபையில் எவரும் சொந்த வேலை பார்க்கலாகாது. மீறினால் அன்றே பதவி போகும்!"

அழுக்கு வேட்டியும் தாடியும் கொழுந்தப்பருக்குப் பெரிதல்ல. படகுத்துறைக்குப் போக முடியாததுதான் கவலை. நாச்சிக்குத் தலைப்பிரசவம். மாதம் நிறைந்துவிட்டது. தாய்வீட்டில்தான் பார்க்க வேண்டும், அதுதான் முறை. "தாய் இல்லாத வீட்டுக்கு எப்படிண்ணே அனுப்புறது? நீங்களா வெந்நி வச்சு ஊத்துவீங்க?" என்று கேட்டுச் சம்பந்தியம்மா அவளை அக்கரையிலேயே வைத்துக்கொண்டார்.

அக்கரைச் சேதி எல்லாம் படகோட்டி இருளாண்டி வாய் வழியாகத்தான் வரும். யாருக்குச் சேதியோ அவர் காதில் மட்டுமே சொல்வான். சொல்லாத சேதியோடு படகைத் திருப்பக் கூடாது என்பது ஆற்றுக்காரர் வழக்கம். சேதி இல்லாத நாளில் படகு உச்சிக்கு வந்து, உடனே திரும்பிவிடும். இத்தனை நாளும் திரும்பிக்கொண்டுதான் இருந்தது.

மறுநாள் கொழுந்தப்பர் இடத்தை விட்டு அசையவில்லை. உச்சி சாய்ந்தது. அரசர் வெற்றிலைத் தட்டைத் துழாவினார். காலியாக இருந்தது.

"வெற்றிலை எங்கே?"

"அடுத்த நடையில் அக்கரைக் கொடிக்காலிலிருந்து வர வேண்டும், மகாராஜா" என்றார் வீரராகவர். "படகு இன்னும் இக்கரையிலேயே நிற்கிறது. யாருக்கோ சேதி இருக்கிறதாம். சொல்லாமல் துடுப்பைத் தொட மாட்டேன் என்கிறானாம் படகோட்டி."

"யாருக்குச் சேதி?"

வீரராகவர் மென்று விழுங்கினார். "விகடருக்கு."

கொழுந்தப்பர் வாசலைப் பார்த்தார்.

"படகோட்டியை இங்கே அழைத்து வாருங்கள்!" என்றார் அரசர்.

இருளாண்டி ஈரக் காலோடு வந்து நின்றான். வீரராகவர் முந்திக்கொண்டார். "சேதியை என்னிடம் சொல். நான் அவருக்குச் சொல்கிறேன்."

"உங்க காது வேற, அவுக காது வேற சாமி" என்று சொல்லிவிட்டு, அவன் கொழுந்தப்பர் பக்கம் போனான்.

கொழுந்தப்பர் சட்டென்று இரண்டு காதிலும் விரலை வைத்து அடைத்துக்கொண்டார்.

அரசர் கையை ஆட்டி, "என்ன இது?" என்று அதட்டினார்.

கொழுந்தப்பர் அரசர் பக்கத்துக் காதை மட்டும் திறந்தார். "மகாராஜா பேசுவதைக் கேட்பது சபை வேலை. அதற்கு இந்தக் காது. மகள் சேதி என் சொந்த வேலை. அதனால் மற்றக் காது மாலை மணி வரை மூடியிருக்கும்."

"நன்றாக இருக்கிறது! நீர் கேட்காவிட்டால் படகு போகாது, படகு போகாவிட்டால் வெற்றிலை வராது. வெற்றிலைக்காகவாவது கேளும்!"

"வெற்றிலையை மெல்லப்போவது யார், மகாராஜா? நானா, நாடா? அது மகாராஜாவின் சொந்த வேலை அல்லவா? 'எவரும்' என்று கட்டளையிட்டீர்கள்."

"என்ன திமிர்!" என்று எழுந்தார் வீரராகவர்.

அரசர் காலித் தட்டைப் பார்த்தார். அப்புறம் தொடையில் தட்டிக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். "நானும் மாட்டிக்கொண்டேனே! கட்டளை ரத்து. இனி உச்சியில் ஒரு நாழிகை எல்லோரும் போய்ச் சொந்த வேலையைப் பாருங்கள். ஐயா, விரலை எடும்!"

கொழுந்தப்பர் எடுக்கவில்லை.

சபையின் சிரிப்பு மெல்ல அடங்கியது. அரசர் இறங்கி வந்தார்.

"இன்னும் என்ன, கொழுந்தப்பரே?"

"அவன் முகத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை, மகாராஜா" என்றார் அவர், அரசருக்கு மட்டும் கேட்கும்படி. "விரல் இங்கே இருக்கிற வரைக்கும் என் மகள் நன்றாக இருக்கிறாள்."

அரசர் அந்தக் கையைப் பிடித்து இறக்கினார். பிடித்த கையை விடவில்லை. இருளாண்டி குனிந்து, நாச்சி சொன்னதை நாச்சி சொன்னபடியே சொன்னான்:

"அப்பா, பொம்பளப் பிள்ளை. நான் எந்திரிச்சு உக்காந்து கஞ்சி குடிச்சுட்டேன். பேரு வைக்க நீங்க வரணும்."

"என்ன சேதி?" என்றார் அரசர்.

கொழுந்தப்பர் வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். முகம் மட்டும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. அரசர் மறுபடி சிரித்தார், இந்தத் தடவை சத்தம் இல்லாமல். தம் கையிலிருந்த தங்கக் காப்பைக் கழற்றி, "குழந்தைக்கு" என்று கொடுத்தார். "பத்து நாள் இருந்துவிட்டு வாரும். வீரராகவரே, அதுவரை சபையைச் சிரிக்க வைப்பது உமது பொறுப்பு."

"நானா?" என்றார் வீரராகவர். அதற்கே சபை சிரித்துவிட்டது.

துறையில் இருளாண்டி படகின் கயிற்றை அவிழ்க்காமல் நின்றான். "வீட்ல ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்கய்யா, நிக்கிறேன்."

கொழுந்தப்பர், கேட்க ஆளில்லாத தம் வீட்டுத் திசையைப் பார்த்தார். பிறகு ஏறி உட்கார்ந்தார். படகு நடு ஆற்றுக்கு வந்ததும்,

"இருளாண்டி, எனக்குப் பேத்தி பொறந்திருக்கா" என்றார்.

"நான்தானேய்யா வந்து சொன்னேன்?"

"தெரியாத மாதிரி கேளேன்ப்பா."

இருளாண்டி துடுப்பை நிறுத்தினான். "அப்படியாய்யா!" என்று கண்ணை அகலத் திறந்தான். "எப்பப் பொறந்துச்சு? யாரு சாடை?"