சந்திரன் சாட்சி

“போய்விட்டார்,” என்றார் ராஜகுரு.

மேல்மாடத்தில் நின்றவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். சூரியன் இறங்கி ஒரு நாழிகைதான் ஆகியிருந்தது. ஆறாம் பிறையின் ஒளியில்லாத விளிம்பை ஒட்டி அதுவரை தெரிந்த வியாழன் இப்போது இல்லை. சந்திரன் அதை மறைத்துவிட்டது. இன்ன நேரத்தில் மறையும் என்று ராஜகுரு மூன்று நாள் முன்பே சொல்லியிருந்தார். கணக்கில் அவர் கெட்டிக்காரர். அவருடைய மற்றக் கெட்டிக்காரத்தனங்கள் எல்லாம் அதை நம்பித்தான் பிழைத்தன.

வியாழன் என்றால் குரு. சந்திரன் என்றால் நீராவிக்கோட்டை அரசரின் குலமுதல்வர். அரசருடைய பாட்டனார் பக்கத்துப் பாளையங்களில் மாடு திருடி முன்னுக்கு வந்தவர். பேரனுக்குச் சந்திர வம்சத்தைத் தேடிக் கண்டுபிடித்துக் கொடுத்தவரே ராஜகுருதான். அப்போது ஒரு தென்னந்தோப்பு வாங்கிக்கொண்டார். இப்போது அதே வம்சத்தை வைத்து இன்னொரு காரியம். குலமுதல்வர் குருவை மறைத்தது மகாபாவம். அது அரசரின் தலையில் வந்து விடியும். ஈச்சங்குளம் என்ற ஊரை மடத்துக்கு எழுதி வைத்தால் விலகும் என்றார். மடம் அவருடையது.

ஏன் ஈச்சங்குளம் என்று அரசர் கேட்கவில்லை. குருவுக்கு உகந்த நிறம் மஞ்சள், அங்கே நெல் மஞ்சளாக விளைந்து நிற்கிறது என்று ராஜகுரு தாமாகவே சொன்னார். நாற்பது குடும்பங்கள் அறுவடைக்கு முன்பே வெளியேற வேண்டும். அதைக் கேட்டுக்கொண்டு போய் ஊருக்குச் சொல்வதற்காக ஈச்சங்குளத்து வயல்களுக்குத் தண்ணீர் திறந்துவிடும் மடைக்காரர் குப்பாண்டியை வரவழைத்துச் சுவரோரம் நிறுத்தியிருந்தார்கள். அவர் வானத்தைப் பார்க்கவில்லை.

சாசன ஓலை ராஜகுருவின் மடியிலேயே தயாராக இருந்தது. பாவம் நடப்பதற்கு முன்பே பரிகாரத்தை எழுதி முடித்திருந்தார். அரசரின் புகழ் மட்டும் இருபது ஓலை. விளக்கைக் கொண்டுவரச் சொல்லிப் படித்தார். இரண்டு நாழிகை பிடித்தது. எதிரிகளின் யானைகள் சாய்கிற இடத்தில் அரசர் கண்ணை மூடி ரசித்தார். அவர் எந்தப் போர்க்களத்தையும் பார்த்தவரில்லை. கடைசி வரி எல்லாச் சாசனங்களிலும் வருகிற வரி: ‘சந்திரனும் சூரியனும் சாட்சியாக, அவர்கள் உள்ளவரை இந்தத் தானம் செல்லும்.’

அரசர் முத்திரை மோதிரத்தைக் கழற்றினார்.

அரசருக்கு வெற்றிலை மடித்துக் கொடுக்கும் அடைப்பக்காரர் அணைஞ்சபெருமாள், தட்டைத் தாழ்த்தி, தமக்கு ஒரு சந்தேகம் என்றார். அடைப்பக்காரனுக்குச் சுண்ணாம்பில்தான் சந்தேகம் வர வேண்டும் என்றார் ராஜகுரு. சபை சிரித்தது.

“கிட்டத்தட்ட அந்த மாதிரிதான், சுவாமி. சாட்சிப் பெயரில் சந்திரன் இருக்கிறாரே. குருவை மறைத்தவர் அவர்தானே? குற்றம் செய்தவரையே சாட்சி போட்டால் நாளைக்கு நாலு பேர் கேட்க மாட்டார்களா?”

ராஜகுருவுக்கு அவசரம். எழுத்தாணியை எடுத்துச் சந்திரனைக் கீறி அடித்தார். “அந்தப் பாதகன் எதற்கு? சூரியன் ஒருவன் போதும்.”

“போதும், சுவாமி. ஆனால் ‘உள்ளவரை’ என்று எழுதியிருக்கிறது. அவர் இப்போது இல்லையே.”

“காலையில் வருவான்.”

“சாயங்காலம் போய்விடுவார். ராத்திரிக்கு யார் பொறுப்பு? அதற்காகத்தானே பெரியவர்கள் இரண்டு பேரைப் போட்டு வைத்தார்கள்.”

சபையில் யாரோ இருமினார்கள். ராஜகுரு ஓலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓலையில் கீறியதை அழிக்க வழியில்லை. சரி, சந்திரனையும் பழையபடி சேர்த்துக்கொள்ளலாம் என்றார்.

“தாராளமாக, சுவாமி. சந்திரன் யோக்கியர் என்றால் சாட்சி உண்டு, பாவம் இல்லை. அயோக்கியர் என்றால் பாவம் உண்டு, சாட்சி இல்லை. எது என்று நீங்களே சொல்லுங்கள். வம்சம் மகாராஜாவுடையது.”

ராஜகுரு வாயைத் திறந்தார். அரசர் அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அதுவரை நடந்ததில் அரசருக்கு விளங்கியது கடைசி வாக்கியம் ஒன்றுதான். அது போதுமானதாக இருந்தது. சந்திரன் யோக்கியர் என்று ராஜகுரு மெல்லச் சொன்னார். காதில் விழவில்லை, இன்னொரு முறை சொல்லுங்கள் என்றார் அரசர். சொன்னார்.

பிறகு அரசர் சிரித்தார். அவர் சிரித்தபின் சபையும் சிரித்தது. சற்று முன் ராஜகுருவுக்காகச் சிரித்த அதே சிரிப்பு. மோதிரம் விரலுக்குத் திரும்பியது. அணைஞ்சபெருமாளின் அறிவை மெச்சி அரசர் பரிசும் கொடுத்தார்: அவர் ஏந்தியிருந்த தட்டிலிருந்தே ஒரு வெற்றிலை. அவர் தட்டைக் கீழே வைத்துவிட்டு அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

பிறையின் வெளிச்சமான பக்கத்தில் வியாழன் வெளியே வந்திருந்தது. யாரும் பார்க்கவில்லை.

குப்பாண்டியைப் போகச் சொன்னார்கள். கும்பிட்டுவிட்டு இறங்கினார். படிக்கட்டின் பாதியிலேயே, இடுப்பில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார்.