அரகதேன் பெயர் நின்ற இடம்

எகிப்துக்குத் தெற்கே, நைல் நதிக்கரையில், நூபியா நாட்டை அரகதேன் என்று ஒருவன் ஆண்டான். ஆண்டான் என்பது கொஞ்சம் தாராளமான பேச்சு. ஆறு வருஷம் சிம்மாசனத்தைத் தேய்த்தான். ஒரு போர் கிடையாது, ஒரு கோயில் கிடையாது. பெயர் மட்டும் ஆயிரம் வருஷம் நிற்க வேண்டுமாம்.

அதற்கு அந்த வம்சத்தில் ஒரு குறுக்குவழி உண்டு. கோயில் சுவரில் முன்னோர் பெயரைச் சுரண்டிவிட்டு, அங்கே தன் பெயரைப் பொறித்துக்கொள்வது. அரகதேன் ஏழு அரசர்களைச் சுரண்டச் சொன்னான். அவர்கள் ஜெயித்த போர், வெட்டிய குளம் எல்லாம் இவனுடையதாயின.

பிறகுதான் ஒன்று உறைத்தது. நாளைக்கு வருகிறவனும் உளியோடுதானே வருவான்?

மந்திரி தமேயியைக் கூப்பிட்டான். "எந்த அரசனும் என் பெயரை அழிக்காத இடம் ஒன்று சொல்லும். மூன்று நாள் தருகிறேன். இல்லாவிட்டால் உம்மை முதலைக்குப் போடுவேன்."

தமேயி கோயில் முழுக்க அலைந்தார். தூண், சிலை, பலிபீடம், எங்கும் சுரண்டிய தழும்பு. மூன்றாம் நாள் சுவரடியைப் பார்த்தவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சொன்னால் தலை போனாலும் போகும், சொல்லாவிட்டால் நிச்சயம் போகும். அரசனை அழைத்துவந்தார்.

கைகள் கட்டப்பட்டு மண்டியிட்ட உருவங்கள் அங்கே வரிசையாகச் செதுக்கப்பட்டிருந்தன. நெஞ்சில் பெயர்கள்.

"யார் இவர்கள்?" என்றான் அரசன்.

"நம்மிடம் தோற்ற பகைவர்கள், பிரபு. முந்நூறு வருஷமாக இவர்கள்மேல் உளி பட்டதில்லை. தோற்றவன் பெயர் போனால் ஜெயித்ததற்குச் சாட்சி ஏது? மங்கினால்கூடப் புதுப்பிக்கிறோம். தாங்களே போன மாதம் பார்க்காமலே அதற்கு உத்தரவு போட்டீர்கள். கடைசி ஆள் நெஞ்சு காலியாக இருக்கிறது. பொறிக்கச் சொல்லட்டுமா?"

அரசன் முகம் கறுத்தது. அப்புறம் வேறு வழியில்லாமல் சிரித்தான். "பிழைத்துப் போம்" என்று மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தான்.

பொறித்தானா? ஆசை வெட்கம் அறியாது. ஆள் வைத்து ரகசியமாகப் பொறித்துக்கொண்டான். அடுத்து வந்தவன் சுவரைச் சுரண்டினான், சுவரடியைத் தொடவில்லை. இரண்டாயிரம் வருஷம் கழித்து மண்ணைத் தோண்டிய ஆராய்ச்சியாளர்கள் அரகதேன் பெயரை எழுத்து எழுத்தாகப் படித்தார்கள். அவனுக்கு மிஞ்சிய ஒரே சாட்சி அதுதான். அவர்களுக்குள் ஒரு சண்டை மட்டும் இன்னும் தீரவில்லை: இந்த அரகதேனை நூபியர்கள் எந்தப் போரில் தோற்கடித்தார்கள்?