நடு ஆற்றில் சிக்கிய முள்

வீரகேது மகாராஜாவுக்கு இரண்டு விஷயங்கள் என்றால் உயிர். ஒன்று, புதுப்புதுச் சட்டம் போடுவது. இன்னொன்று, வறுத்த கெண்டை மீன். இரண்டும் ஒரே நாளில் அவர் தொண்டையில் மாட்டிக்கொண்ட கதையைக் கேளுங்கள்.

குறிஞ்சாற்றுக்குத் தென்கரை அவருடைய நாடு. வடகரை வேறொரு ராஜாவுடையது. நடு ஆறுதான் எல்லை. கரைக்குக் கரை கட்டியிருந்த பரிசல் கயிற்றின் நடுவில் ஒரு சிவப்புத் துணி தொங்கும். அதற்கு அந்தப் பக்கம் போனால் வேறு நாடு.

போன வருஷம் வடக்கேயிருந்து வந்த ஒரு போலி வைத்தியன், ஆட்டுப் புழுக்கையைத் தேனில் உருட்டி லேகியம் என்று விற்றுவிட்டு ஓடிப்போனான். அரண்மனை வைத்தியர் பூபதிப் பண்டிதர் விடுவாரா? மகாராஜாவின் காதைக் கடித்துச் சட்டம் போட வைத்தார். "தென்கரையில் இருக்கும் எந்த உடம்புக்கும் தென்கரை முத்திரை பெற்றவர்தான் வைத்தியம் பார்க்கலாம். கிட்ட நின்று பார்த்தாலும் சரி, எட்ட நின்று பார்த்தாலும் சரி." வடகரை ராஜா மட்டும் சும்மா இருப்பாரா? அவரும் அதே மாதிரி ஒன்று போட்டார்.

இதில் அகப்பட்டவள் பரிசல்காரர் ஓடையப்பனின் மகள் செவ்வந்தி. அவளுக்கு இழுப்பு நோய். வடகரையில் பொன்னுருவி என்று ஒரு வைத்தியர் இருந்தார். அந்த நாட்டுப் பரீட்சையில் தேறி முத்திரை வாங்கியவர். செவ்வந்தி இந்தக் கரையில் நின்று இருமுவாள். அவர் அந்தக் கரையில் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார். "இன்னொருக்கா இருமு!" என்று கத்துவார். பிறகு மருந்தைப் பரிசல் கயிற்றில் கட்டி இழுத்து அனுப்புவார். புதுச் சட்டம் வந்ததும், காவலர்கள் அந்த மருந்தை ஆற்றில் கொட்டிவிட்டார்கள்.

ஓடையப்பன் சபைக்கு ஓடி வந்தார்.

"மகாராஜா, புள்ளைக்கு நேத்துலேருந்து மூச்சு இழுக்குதுங்க. அந்த அம்மா மருந்துதான் அவளுக்குக் கேக்கும்."

"நம் பண்டிதரிடம் காட்டுவதுதானே?"

"அய்யா ஆத்தங்கரைப் பக்கமே வந்ததில்லீங்களே."

பண்டிதர் கனைத்தார். "எனக்கு அரண்மனையை விட்டு நகர நேரமில்லை. அதற்காகச் சட்டத்தை வளைக்க முடியுமா? வைத்தியர் எங்கே நிற்கிறார் என்பது முக்கியமில்லை. நோயாளியின் உடம்பு எந்த நாட்டில் இருக்கிறது? அதுதான் கேள்வி!"

"அருமை!" என்று எழுந்தார் சாத்தையன். மகாராஜாவை எதிர்த்துப் பேசாமலே எதிர்க்கத் தெரிந்த மந்திரி. "பண்டிதர் சொன்னபடியே செய்வோம். பெண்ணைப் பரிசலில் ஏற்றிச் சிவப்புத் துணிக்கு அந்தப் பக்கம் கொண்டுபோவோம். பொன்னுருவி அம்மாவும் தன் பரிசலில் அங்கே வரட்டும். உடம்பு எல்லையைத் தாண்டியதும் மருந்து கொடுக்கட்டும். சட்டம் எவ்வளவு ஒழுங்காக நடக்கிறது என்று மகாராஜாவும் வந்து பார்க்கலாம். வழியில் சாப்பிட வறுத்த கெண்டை எடுத்துக்கொள்வோம்."

கெண்டை என்றதும் மகாராஜா செருப்பை மாட்டிவிட்டார். பண்டிதரையும் கூடவே இழுத்துக்கொண்டார்.

பரிசலின் குணம் தெரியுமல்லவா? நடு ஆற்றில் நிறுத்தினால் அது சுற்றும். இரண்டு பரிசலையும் சேர்த்துக் கட்டினார்கள். இரண்டும் சேர்ந்து சுற்றின. செவ்வந்தி வடக்கே போகும்போது பொன்னுருவி ஒரு மடக்கு கஷாயம் கொடுப்பார். தெற்கே வந்ததும் சாத்தையன், "நிறுத்துங்கள்!" என்பார்.

"வாயில இருக்கறத முழுங்கலாமா, கூடாதா?" என்று கேட்டார் பொன்னுருவி.

பண்டிதர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் மகாராஜாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாய் நிறைய கெண்டை. முள் நறுக்கென்று தொண்டையில் ஏறிவிட்டது.

பண்டிதர் இடுக்கியோடு பாய்ந்தார்.

"தொடாதீர்கள்!" என்று தடுத்தார் சாத்தையன். "மகாராஜாவின் தொண்டை இப்போது வடகரையில் இருக்கிறது. உங்களிடம் அந்த நாட்டு முத்திரை உண்டா?"

பண்டிதர் இடுக்கியைப் பின்னுக்கு இழுத்தார். பொன்னுருவி எழுந்து கிட்டே வருவதற்குள் பரிசல் சுற்றிவிட்டது.

"அம்மா, நீங்களும் தொடக்கூடாது. தொண்டை தெற்கே வந்துவிட்டது."

பண்டிதர் மறுபடி இடுக்கியை நீட்டினார். தொண்டை மறுபடி வடக்கே போய்விட்டது.

மகாராஜாவுக்குக் கண் பிதுங்கியது. "யாராவது... எடுங்கடா!"

"யாராவது என்றால், எந்த நாட்டு முத்திரை வைத்திருந்தாலுமா, மகாராஜா?"

மகாராஜா தலையாட்டிய வேகத்தில் கிரீடம் ஆற்றில் விழப் பார்த்தது. பண்டிதர் தாடையைப் பிடித்துக்கொள்ள, பொன்னுருவி இடுக்கியை வாங்கித் தொண்டைக்குள் விட்டு முள்ளை எடுத்தார்.

மூச்சு வந்ததும் மகாராஜா கர்ஜித்தார். "சாத்தையா! சட்டம் பேசுகிற நேரமா அது? என் உயிரே போயிருக்கும்!"

"போயிருக்கும், மகாராஜா." சாத்தையன் குரலில் இப்போது கேலி இல்லை. "உங்களுக்கு இரண்டு சுற்று நேரம்தான் மூச்சு முட்டியது. இந்தப் பெண்ணுக்கு நேற்றிலிருந்து முட்டுகிறது."

செவ்வந்தியின் மூச்சு இழுக்கும் சத்தம் மட்டும் கேட்டது. மகாராஜா அவளையே பார்த்தார். அவருக்கு வெட்கமாக இருந்தது.

"முழுக் கஷாயத்தையும் கொடுங்கள் அம்மா. பரிசல் எங்கே வேண்டுமானாலும் சுற்றட்டும். இனி முறையாகப் பரீட்சை தேறி முத்திரை வாங்கியவர், எந்தக் கரையில் இருந்தாலும், இருந்த இடத்திலிருந்தே நம் மக்களுக்கு வைத்தியம் பார்க்கலாம். போலி அகப்பட்டால் மட்டும் தோலை உரிப்பேன். வடகரை ராஜாவிடமும் நானே பேசுகிறேன்."

பண்டிதருக்கு மனசு ஆறவில்லை. "மன்னிக்க வேண்டும் மகாராஜா. தாங்கள் இந்த ஆணையைச் சொன்னபோது பரிசல் வடகரை எல்லைக்குள் இருந்தது. அங்கே தங்கள் ஆணை செல்லாது."

"நியாயம்தான்," என்று தலையாட்டினார் சாத்தையன். "யார் வேண்டுமானாலும் முள்ளை எடுக்கலாம் என்று மகாராஜா தலையாட்டியதும் வடகரை எல்லைக்குள்தான், நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்படியானால் அதுவும் செல்லாது. முள் பத்திரமாக என் கையில் இருக்கிறது. திரும்பத் தொண்டையிலேயே வைத்து, நம் கரைக்குப் போய் முறைப்படி எடுத்துவிடலாமா?"

மகாராஜா இரண்டு கையாலும் தொண்டையைப் பொத்திக்கொண்டார்.

"செல்லும், செல்லும்! எல்லாமே செல்லும்!" என்று அலறியவர், அடுத்த நொடி பரிசலே ஆடும்படி சிரித்தார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிச் சாத்தையனுக்குப் போட்டார். மிச்சமிருந்த கெண்டையையும் அவர் பக்கமே தள்ளிவிட்டார்.