சூறையின் எட்டு வாரம்

ஆலங்கண்மாய்க் கரையில் சூறை என்ற நாயும் இஞ்சி என்ற பூனையும் ஒரே வீட்டில் வாழ்ந்தன. சூறை சிப்பிப்பாறை இனம். ஒல்லி உடம்பு, நீளக் கால். ஓடத் தொடங்கினால் புழுதிதான் தெரியும், நாய் தெரியாது. இஞ்சி மஞ்சள் நிறப் பூனை. வெயில் விழும் இடமாகப் பார்த்துப் படுக்கும். மீன் வாசம் வந்தால் எழுந்திருக்கும். மற்றபடி அதற்கு வேலை எதுவும் இல்லை.

இரண்டுக்கும் பகை கிடையாது. பெரிய நட்பும் கிடையாது. எதிரெதிரே வந்தால் ஒதுங்கிப் போய்விடும்.

வீட்டுக்காரி பிலோமினா நாற்பது வாத்துகளை வளர்த்துவந்தாள். காலையில் அவற்றைக் கண்மாய்க்கு ஓட்டிப்போவாள், பொழுது சாய்வதற்குள் திரும்புவாள். கரைக்கு அப்பால் இருந்த கருவேலங்காட்டில் ஒரு நரி இருந்தது. மூன்று வருடமாக அது ஒரு வாத்துக்கு ஆசைப்பட்டுக்கொண்டிருந்தது. மூன்று வருடமாகச் சூறையும் அதை விரட்டிக்கொண்டிருந்தது.

ஒருநாள் காலையில் அப்படி விரட்டும்போது நரி வாய்க்காலைத் தாண்டியது. சூறையும் தாண்டியது. அக்கரையில் சேறு. பின்னங்கால் வழுக்கி முறுக்கிக்கொண்டது. முழங்காலுக்குள் ஏதோ அறுந்ததுபோல் இருந்தது. சூறை எழுந்து பார்த்தது. அந்தக் காலைத் தரையில் ஊன்ற முடியவில்லை.

பிலோமினா அதைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அப்புறம் ஆட்டோவில் ஏற்றி டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். நான்கு நாள் கழித்துச் சூறை திரும்பி வந்தபோது இஞ்சிக்கு அடையாளமே தெரியவில்லை. பின்னங்கால் முழுக்க மயிர் மழித்திருந்தது. முழங்காலில் தையல். கழுத்தைச் சுற்றி, வாளியின் அடியை வெட்டி மாட்டியதுபோல் ஒரு பிளாஸ்டிக் பட்டை.

"எட்டு வாரம்" என்று பிலோமினா தரையில் சாக்கை விரித்துக்கொண்டே சொன்னாள். வழவழப்பான தரையில் கால் வழுக்கக் கூடாது என்பதற்காக அறை முழுக்க விரித்தாள். "ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது, படி ஏறக் கூடாது. தையலை நக்கவே கூடாது. மீறினா உள்ள வச்சுத் தைச்சது பிரிஞ்சிடுமாம். பிரிஞ்சா ஆயுசுக்கும் நொண்டிதான்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க."

அறையின் ஒரு மூலையைப் பழைய கதவுப் பலகையால் தடுத்தாள். பலகை முழங்கால் உயரம்தான் இருந்தது. முன்பு என்றால் சூறை கண்ணை மூடிக்கொண்டு அதைத் தாண்டியிருக்கும். இப்போது அதற்குள் போய்ச் சுருண்டு படுத்தது.

மறுநாள் காலையில் பிலோமினா இஞ்சியைத் தூக்கிப் பலகைக்கு உள்ளே விட்டாள். "நான் கரைக்குப் போனா இவளுக்கு நீதான் துணை. எந்திரிச்சு ஆட விடாத."

இஞ்சி காதில் விழாததுபோல் வாலை நக்கிக்கொண்டது. நாய்க்குப் பூனை காவலா என்று நினைத்தது.

பிலோமினா ஒரு நாளைக்கு நான்கு முறை வந்துபோனாள். வயிற்றுக்கு அடியில் துண்டைக் கொடுத்துத் தூக்கிப் பிடித்தபடி சூறையை வாசல்வரை நடத்திக் கூட்டிவருவாள். ஐஸைத் துணியில் சுற்றி முழங்காலில் வைப்பாள். அப்புறம் அந்தக் காலை மெல்ல மடக்குவாள், நீட்டுவாள். சூறை பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கும். அவள் போனதும் முனகத் தொடங்கும்.

ஐந்தாம் நாள் சூறை கூப்பிட்டது. "இஞ்சி, இங்க வாயேன்."

"என்ன?"

"தையல் போட்ட இடம் அரிக்குது. உசிரே போகுது. இந்தப் பட்டையோட நாடாவைப் பல்லால இழுத்து அவிழ்த்துவிடு. ஒரே ஒரு தடவை நக்கிட்டு விட்டுடுறேன்."

"நக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

"என் சோத்துல இருக்கிற மீன் தலையை நீ எடுத்துக்க."

இஞ்சி மீன் தலையைப் பார்த்தது. பிறகு சூறையின் முகத்தைப் பார்த்தது. அந்த முகம் பார்க்கவே பாவமாக இருந்தது. மீனுக்காகத்தான் செய்ததா, பாவப்பட்டுச் செய்ததா என்று பின்னால் யோசித்தபோது இஞ்சிக்கே விளங்கவில்லை. நாடாவை இழுத்தது. பட்டை கழன்று விழுந்தது.

சூறை ஒரு தடவையோடு விடவில்லை. பிலோமினா வரும்வரை நக்கியது. சாயங்காலம் தையல் ஓரம் சிவந்திருந்தது. மறுநாள் வீங்கியது. அதற்கு அடுத்த நாள் சூறைக்குக் காய்ச்சல் வந்து, தண்ணீர்கூட வேண்டாம் என்று படுத்துவிட்டது. டாக்டரம்மா வீட்டுக்கே வந்து ஊசி போட்டார். பட்டை இன்னும் இரண்டு வாரம் இருக்க வேண்டும் என்று சொல்லிப்போனார்.

"நாடாவை நான்தான் சரியாக் கட்டல போல" என்று பிலோமினா தன்னையே நொந்துகொண்டாள்.

இஞ்சிக்கு அதைக் கேட்கவே முடியவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலாம் என்று இருந்தது. அன்று அது வெயிலில் போய்ப் படுக்கவில்லை. பலகையைத் தாண்டி உள்ளே போய், காய்ச்சலில் சுட்டுக்கொண்டிருந்த சூறையின் முதுகை ஒட்டி உட்கார்ந்தது.

"உன்மேல தப்பில்ல" என்றது சூறை, கண்ணைத் திறக்காமலே. "நான்தானே கேட்டேன்."

"கேட்டது நீ. குடுத்தது நான்" என்றது இஞ்சி. "இனிமே நீ கேக்குறதை எல்லாம் குடுக்க மாட்டேன். ஆனா இங்கேயே இருப்பேன்."

"இருந்து என்ன செய்வ?"

இஞ்சி இன்னும் நெருங்கி உட்கார்ந்தது.

காய்ச்சல் இறங்கியது. வீக்கம் வடிந்தது. அரிப்பு வரும்போதெல்லாம் சூறை முனகியது. "வேற ஏதாவது பேசு" என்றது இஞ்சி.

"என்னத்தைப் பேச? வெளிய என்ன நடக்குதுன்னே எனக்குத் தெரியாதே. வாத்தெல்லாம் சரியா இருக்கா?"

இஞ்சி ஜன்னல் கட்டையில் ஏறி எட்டிப் பார்த்தது. "இருக்கு."

"எத்தனை இருக்கு?"

"நிறைய."

"நிறையன்னா எத்தனை? நீ எண்ணினதே இல்லையா?"

இஞ்சி அதற்கு முன்னால் எதையும் எண்ணியது கிடையாது. சூறை சொல்லிக்கொடுத்தது. முதல் நாள் பதினொன்றோடு குழம்பிவிட்டது. இரண்டாம் நாள் ஒரே வாத்தை மூன்று முறை எண்ணி ஐம்பத்திரண்டு என்றது. சூறைக்குச் சிரிப்பு வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அது சிரித்தது அன்றுதான். ஒரு வாரத்தில் இஞ்சி தடுமாறாமல் நாற்பதுவரை எண்ணியது. காலையில் வாத்துகள் போகும்போது ஒரு தடவை, சாயங்காலம் திரும்பும்போது ஒரு தடவை. யார் முன்னால் போகிறது, யார் கரையேற அடம்பிடிக்கிறது, கண்மாயில் தண்ணீர் எந்தப் படிவரை நிற்கிறது என்று ஒன்றுவிடாமல் சொல்லியது. சூறை கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே தூங்கிப்போகும்.

தையல் பிரித்தாயிற்று. பட்டையும் போயிற்று. துண்டு இல்லாமலே சூறை வாசல்வரை நடந்தது. கால் சரியாகிவிட்டதுபோலவே இருந்தது. ஐந்தாவது வாரத்தில் அதற்குப் பொறுமை குறையத் தொடங்கியது. பலகையை மோப்பம் பிடித்துக்கொண்டு நிற்கும்.

"மேலே ஆறியிருக்கு. உள்ளே ஆறல" என்று பிலோமினா தினமும் சொல்லிவிட்டுப் போவாள்.

அந்த வாரத்தில் ஒருநாள் நான்கு வாத்துகள் சோர்ந்து நின்றன. பிலோமினா அவற்றை முற்றத்துக் கொட்டகையில் அடைத்துவிட்டு, மற்றவற்றோடு அக்கரைக்குப் போனாள். வீட்டுக் கதவு காற்றுக்காகத் திறந்திருந்தது. மத்தியான வெயிலில் வேலிக்குள் ஒரு நிழல் அசைந்தது. நரி.

அது நேராகக் கொட்டகைக்குப் போகவில்லை. வாசலுக்கு வந்து உள்ளே எட்டிப் பார்த்தது.

"சூறையா அது?" என்றது நரி. "ஊரே நீ செத்துட்டன்னு பேசிக்குது. நான்தான் நம்பல. இப்படி மூலையில பலகை போட்டு வச்சிருக்காங்களா உன்னை?"

சூறை எழுந்து நின்றது. உடம்பு முழுக்க முறுக்கேறியது.

"உனக்குக் கால் போயிடுச்சுன்னு கேள்விப்பட்டேன். அப்படின்னா நான் நிதானமாவே சாப்பிடலாம். அவசரம் இல்ல" என்று சொல்லிவிட்டு, நரி கொட்டகையின் அடியில் மண்ணைத் தோண்ட ஆரம்பித்தது. தோண்டிக்கொண்டே ஓரக்கண்ணால் வாசலைப் பார்த்தது. நாய் பலகையைத் தாண்டுகிறதா என்றுதான் அது பார்த்தது. வாத்து இன்று கிடைக்காவிட்டாலும், சூறை ஒரே ஒரு தடவை குதித்துவிட்டால் போதும். அந்தக் கால் மறுபடி பிரிந்துவிடும். அப்புறம் எல்லா நாளும் நரிக்கு விருந்துதான்.

இஞ்சிக்கு அந்தப் பார்வை புரிந்தது. எலி வளைக்கு வெளியே காத்திருக்கும்போது தானும் அப்படித்தான் பார்க்கும். அது ஜன்னலிலிருந்து குதித்து, பலகையின் மேல் ஏறிக் குறுக்கே நின்றது.

"நகரு" என்றது சூறை. அதன் பல் தெரிந்தது.

"மாட்டேன்."

"வாத்தைத் தின்னப்போகுது. நகரு, இல்லன்னா கடிச்சிருவேன்."

இஞ்சியின் முதுகு மயிர் சிலிர்த்தது. ஒரே கடியில் தன் கழுத்து போய்விடும் என்று அதற்குத் தெரியும். ஆனாலும் இறங்கவில்லை.

"கடி. அன்னைக்கு நாடாவை அவிழ்த்தேன், இன்னைக்கு வழி விட மாட்டேன். நீ குதிக்கணும்னுதான் அது இங்க வந்து பேசிட்டுப் போச்சு. கத்தியை உன் காலுலதான் வச்சாங்க சூறை, தொண்டையில இல்ல. கூப்பிடு. பிலோமினா அக்காவைக் கூப்பிடு."

சூறை ஒரு நொடி இஞ்சியையே பார்த்தது. பிறகு நின்ற இடத்திலேயே தலையைத் தூக்கிக் குரைத்தது. காக்கைக்குக் குரைப்பது வேறு, அந்நியருக்குக் குரைப்பது வேறு. இது நரிக்கு மட்டுமே குரைக்கும் குரல். வீட்டுச் சுவர் அதிர்ந்தது. கண்மாய்த் தண்ணீர் மேல் அந்தச் சத்தம் அக்கரைவரை போயிற்று.

நரி சிரித்தது. "குரைச்சா எனக்கு வலிக்குமா?" என்று சொல்லித் தோண்டியது. குழி பெரிதாயிற்று. தலையை உள்ளே நுழைத்து வெள்ளச்சி என்ற வாத்தின் இறக்கையைப் பிடித்தும்விட்டது. வெள்ளச்சி அலறியது. சூறை குரைப்பதை நிறுத்தவில்லை. தொண்டை கட்டியது, அப்போதும் நிறுத்தவில்லை.

அதற்குள் பிலோமினா கரையைச் சுற்றி ஓடிவந்துவிட்டாள். வாத்து மேய்க்கும் நீளக் கம்பு நரியின் இடுப்பில் விழுந்தது. வாயில் இருந்ததைப் போட்டுவிட்டு அது வேலியைப் பிய்த்துக்கொண்டு ஓடியது. இன்னும் இரண்டு அடி வாங்கித்தான் காட்டுக்குள் போய்ச் சேர்ந்தது.

பிலோமினா மூச்சு வாங்க உள்ளே வந்தாள். பலகை அப்படியே இருந்தது. சூறை உள்ளேயே நின்றிருந்தது. பலகை மேல் பூனை வில்லாக வளைந்து நின்றது. என்ன நடந்திருக்கும் என்று அவளுக்குப் புரிந்தது. இரண்டின் தலையையும் சேர்த்துப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

வெள்ளச்சியின் இறக்கை எலும்பு முறிந்திருந்தது. பிலோமினா அதற்குக் கட்டுப் போட்டு, ஒரு கூடையில் வைத்துச் சூறையின் பக்கத்திலேயே விட்டாள்.

"நான் உடனே வந்திருந்தா உனக்கு அடிபட்டிருக்காது" என்றது சூறை.

"நீ வந்திருந்தா ரெண்டு பேருக்கும் பட்டிருக்கும்" என்றது வெள்ளச்சி. அப்புறம் வலியில் ஓயாமல் கத்த ஆரம்பித்தது. சூறை பலகை ஓரமாக நகர்ந்து, கூடையை ஒட்டிப் படுத்துக்கொண்டது. ராத்திரி வாத்து விழிக்கும்போதெல்லாம் தானும் விழித்துப் பேச்சுக் கொடுத்தது. வலியில் கிடப்பவரிடம் எப்படிப் பேசுவது என்று இப்போது அதற்குத் தெரிந்திருந்தது. பகலில் இஞ்சி ஜன்னலில் உட்கார்ந்து முப்பத்தொன்பது வரை எண்ணிச் சொல்ல, இரண்டும் கேட்டுக்கொண்டிருந்தன. அந்த மூலையில் கடைசி மூன்று வாரம் போனதே தெரியவில்லை.

எட்டு வாரம் முடிந்த அன்று டாக்டரம்மா சூறையின் காலை மடக்கிப் பார்த்தார், நீட்டிப் பார்த்தார், நடக்கவிட்டுப் பார்த்தார். "நல்லா கூடியிருக்கு. யார் பார்த்துக்கிட்டது?" என்று கேட்டார்.

"நாங்க மூணு பேரும்" என்றாள் பிலோமினா, இஞ்சியையும் வெள்ளச்சியையும் காட்டி.

மறுநாள் காலையில் வாத்துகளுக்குப் பின்னால் சூறை கண்மாய்க்குப் போனது. ஓடவில்லை. கால் எப்படி ஊன்றுகிறது என்று பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு அடியாக நடந்தது. இஞ்சிக்கு ஈர மண் ஆகாது. ஆனாலும் பாதத்தை உதறி உதறிக் கூடவே வந்தது.

கரை மேட்டில் சூறை நின்று மூச்சு விட்டுக்கொண்டது. "இன்னும் கொஞ்ச நாள்ல ஓடிடுவேன்" என்றது.

"ஓடு. நான் இங்க உக்காந்து பார்க்கிறேன்" என்றது இஞ்சி.

நோயிலிருந்து மீள்பவருக்கு, கேட்டதையெல்லாம் கொடுப்பதைவிட, ஆறும் வரை பொறுமையோடு கூடவே இருப்பதுதான் மெய்யான உதவி.