தவறினவர் யார்?

முதலாண்டுத் தூய கணித வகுப்பில் பேராசிரியர் ஆராவமுதன் பூமயிலை எழுப்பினார்.

"எந்த ஊரும்மா?"

"கருவேலம்பட்டி, சார்."

"அங்கேருந்து வந்து இந்தப் பாடத்துல தேறின ஒருத்தரைக் காட்டு. இல்லேன்னா வேற பாடத்துக்கு மாறிக்கோ."

"இதுவரைக்கும் வந்த எல்லாருமே தேறிட்டாங்க, சார்."

வகுப்பே சிரித்தது. "யார் யாரு?" என்றார் அவர்.

பூமயில் பின்வாங்கவில்லை.

"யாருமே வந்ததில்லை, சார். தவறின ஒருத்தரை நீங்க காட்டுங்க. ஆளே இல்லாத கணத்துல, அதான் காலியான தொகுப்புல, 'எல்லாரும்'னு எதைச் சொன்னாலும் உண்மைன்னு நேத்து நீங்கதானே நிரூபிச்சீங்க."

அவர் கரும்பலகையை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"சரி, உட்காரு. ஆனா இப்போ நீ வந்துட்டியே, கணம் காலியா இல்லையே."

"ஆமா, சார். இனிமே நான் தேறினாத்தான் அது உண்மை."